விழா நாளில் மட்டும் திறக்கும் கேட்

என் கையில் மைக் இருந்த காலம் முழுவதும் அது ஒரு தடவைகூடக் கீச்சிட்டதில்லை.

இது பொய். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கீச்சிட்டது. ஒரு துணைவேந்தர் எழுந்து 'அன்பார்ந்த' என்று ஆரம்பித்தார். பூனை வாலை மிதித்தாற்போல ஒரு சத்தம். அவர் கையிலிருந்த தாள்கள் பறந்துபோய் முன்வரிசைப் பெண்களின் மடியில் விழுந்தன. எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி 'அன்பார்ந்த' என்றார். மறுபடி பூனை. அன்றைக்கு யார் மீது அன்பு வைத்திருந்தார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

என் பெயர் சின்னப்பன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் களை பறித்த குடும்பம். பள்ளிக்கூடத்தை நான் இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்பது எங்கம்மாவின் கட்சி. தொழில் கற்றது கோயமுத்தூர் உக்கடத்தில், காதர் பாயின் மைக் செட் கடையில். தென்னையில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது, மழை வந்தால் ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக் குனிந்துகொள்வது, கல்யாண வீட்டில் சண்டை வந்தால் பாட்டைக் கூட்டி வைப்பது. பாடத்திட்டம் அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுக்கரையைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் இந்தக் கல்லூரிக்கு ஒரு விழாவுக்குக் குழாய் கட்ட வந்தேன். குழாயை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு நான் மட்டும் தங்கிவிட்டேன். வேலைக்குப் பெயர் மேடை உதவியாளர். மைக், நாற்காலி, குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் என் பொறுப்பு. விழா இல்லாத நாளில் டியூப்லைட் மாட்டுவேன், பிரின்சிபால் அறை மின்விசிறிக்கு எண்ணெய் விடுவேன்.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவனை இப்போது எதற்கு எழுதச் சொல்கிறார்கள் என்றால், கல்லூரியின் புதிய முதல்வர் அம்மா ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். இனிமேல் ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் விழாவிலும் இந்த மண்ணின் பூர்வகுடிகளை வணங்கி ஒரு வாசகம் படிக்க வேண்டுமாம். வெளிநாட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம். என்னைப் பார்க்க வந்த பையன்களிடம், "இதென்ன புதுசு, நம்ம காலேஜுல முந்தியே இருந்ததுதானே" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கல்லூரி மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். என் கையெழுத்தை வாசிக்க வேறு ஆள் வைக்க வேண்டும் என்பதால், நான் சொல்லச் சொல்ல அலுவலகத்தில் செல்வி அம்மணி தட்டச்சு செய்கிறார். தப்பு இருந்தால் அவருடையது, சிரிப்பு வந்தால் என்னுடையது.

சிரிப்பு அதிகம் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு பள்ளம் ஓடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர், மற்ற நாளில் கூழாங்கல். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மலசர் பழங்குடிகளின் ஊர். பதி என்பார்கள். இந்தப் பக்கமும் ஒரு காலத்தில் அவர்கள் காடுதான். பத்திரம் பல கை மாறி, மாந்தோப்பாகி, கடைசியில் கல்லூரி நிறுவனர் வாங்கினார். ஆனால் அடிவாரத்தில் ஒரு முறை இருந்தது. பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சரி, கிணறு வெட்டவோ வீடு கட்டவோ போகிறவர், பதியின் தலைவரான மூப்பரிடம் போய்க் கை நீட்ட வேண்டும். அவர் அந்த இடத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "பொழச்சுக்குங்க" என்பார். அப்புறம்தான் கடப்பாரை இறங்கும். கட்டடம் மாறினால் மறுபடி கேட்க வேண்டும்.

நிறுவனரும் கை நீட்டினார். அதோடு விடவில்லை. விழாவுக்கு வருகிற விருந்தாளியும் இந்த மண்ணில் கால் வைக்கிறவர்தானே, அவரும் நீட்டட்டும் என்று விதித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் வேலைக்கு வந்தபோது அவர் மகன் தாளாளர். தகப்பன் சொல்லைத் தட்டாதவர்.

தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் 'மண் மரியாதை'. அப்போது மூப்பராக இருந்தவர் நஞ்சன். குள்ளமான மனிதர். காலையில் நான் குழாயில் 'அலோ, அலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்வது பதி வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டதும் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். நான் பள்ளம் தாண்டிப் போய் அழைத்து வருவேன். மேடையில் அவருக்குத் துணைவேந்தருக்குப் போடுகிற அதே வெல்வெட் நாற்காலி. அதில் அவர் சாய மாட்டார். டவுன்பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நுனியில் உட்காருவார். அவர் பேர் சொன்னதும் நான் ஓடிப்போய் மைக் ஸ்டாண்டை அவர் நெஞ்சு உயரத்துக்கு இறக்க வேண்டும். அந்தத் திருகு எப்போதும் இறுகிக் கிடக்கும். நான் பல்லைக் கடித்துத் திருகுவேன். மூப்பர் குனிந்து என் காதில் பேசுவார்.

"ஏஞ்சின்னப்பா, இத இன்னும் கிட்டக் கொண்டாந்தா நான் பேசறனா, அது என்னையத் திங்குதா?"

"தின்னாத் துப்பீருமுங்க மூப்பரே. பிரின்சிபாலையே துப்பிருக்குது."

"இன்னைக்கு ஒறம்பரை யாரு?"

"கலெக்டருங்க."

"மண்ணு வாங்குவாரா? கையெல்லாம் வெளுப்பா இருக்குது."

"வாங்கித்தானுங்க ஆவோணும். நிகழ்ச்சி நிரல்ல போட்டாச்சு."

வெண்கலத் தட்டில் மண் இருக்கும். மூப்பர் ஒரு சிட்டிகை எடுத்து விருந்தாளி கையில் வைத்து, மைக்கில் "பொழச்சுக்குங்க" என்பார். ஒரே வார்த்தை. எங்கள் கல்லூரியில் அவ்வளவு சுருக்கமாகப் பேசியவர் வேறு யாருமில்லை. கைதட்டல் எழும். அறிவிப்பு செய்கிற வணிகவியல் பேராசிரியர், "மண்ணின் மைந்தர் உத்தரவு தந்துவிட்டார்" என்று தாளில் இருப்பதைப் படிப்பார். இசைக்குழு வாசிக்கும். விளக்கு எரியும். கையில் விழுந்த மண்ணை என்ன செய்வது என்று விருந்தாளிகளுக்குத் தெரியாது. ஒருவர் நெற்றியில் பூசிக்கொண்டார். ஒருவர் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். ஒரு வங்கி மேலாளர் பிரசாதம் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் அதற்காகவே ஓர் ஈரத்துணியும் தண்ணீர்ச் சொம்பும் மேடைக்குப் பின்னால் வைத்திருப்பேன்.

வகுப்பிலும் உண்டு. கல்வியாண்டின் முதல் நாள் ஒவ்வொரு ஆசிரியரும், "இந்த மண் மலசர் மக்களுடைய மண். அவர்கள் உத்தரவோடு படிக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன், "படிக்காம இருக்கறதுக்கு யாரு உத்தரவுங்க சார்?" என்று கேட்பான். வருடா வருடம் ஆள்தான் மாறும், கேள்வி மாறாது.

தாளாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. எங்கள் பக்கத்து மனிதர்கள் எல்லோருமே மரியாதையாகப் பேசுகிறவர்கள்தான். இவர் கல்லூரி நாய்க்கும் 'ங்க' போடுவார். ஆனால் அந்த 'ங்க'வில் அளவு இருந்தது. சாதாரண நாளில், "சின்னப்பன், வாங்க." கொஞ்சம் வருத்தமென்றால், "ஏனுங்க சின்னப்பன், வாரீங்களா?" கோபம் உச்சத்தில் இருந்தால் எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "ஏனுங்க சின்னப்பன், சாப்பிட்டீங்களா?" என்பார். ஆம்ப்ளிஃபயர் புகைந்த அன்று அவர் என்னைச் சாப்பிட்டீங்களா என்று கேட்டதில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். மண் மரியாதையை அவர் வேஷத்துக்குச் செய்யவில்லை. மூப்பர் மேடையேறும்போது அவர் எழுந்து நிற்பார். அவர் நிற்பதால் கலெக்டரும் நிற்பார்.

பெண்கள் விடுதி கட்ட முடிவானது. இடம், பள்ளத்தை ஒட்டிய சரிவு. அந்தச் சரிவில் முழங்கால் உயரத்துக்குச் சில கற்கள் நட்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் நில அளவைக் கல் என்று நினைப்பார்கள். அது பதிக்காரர்களின் இடுகாடு. மூப்பரின் மனைவி வெள்ளச்சியை அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அங்கே வைத்திருந்தார்கள். அவள் கல் மட்டும் இன்னும் பாசி பிடிக்காமல் வெள்ளையாக இருக்கும்.

அடிக்கல் நாட்டு விழா அன்று நான் கூப்பிடப் போனபோது மூப்பர் கேலி பேசவில்லை.

"ஒடம்பு சரியில்லீங்களா மூப்பரே?"

"ஒடம்புக்கென்ன."

பள்ளத்தில் இறங்கும்போது நின்றார். "இன்னைக்கு எங்க கட்டறாங்க?" என்றார். சரிவைக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் இல்லை. சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"கேப்பாங்கல்ல?" என்றார்.

"எப்பவும் கேக்கறதுதானுங்களே."

"அப்பச் சரி" என்று நடந்தார்.

அன்றைய விருந்தாளி ஒரு மில் அதிபர். மூப்பர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தட்டில் இருந்தது அந்தச் சரிவிலிருந்து காலையில் அள்ளி வந்த மண். மூப்பர் ஒரு பிடி எடுத்தார். கையைத் திறக்கவில்லை. மைக்கைப் பார்த்துச் சொன்னார்:

"இது வேண்டாமுங்க. அங்க எங்காளுக படுத்திருக்காங்க."

கைதட்டினார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மூப்பர் வாய் திறந்து மூடினால் தட்ட வேண்டும் என்று அத்தனை விழாவிலும் பழகியிருந்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. நான் மைக்கை இன்னும் கிட்டத் தள்ளி, "மூப்பரே, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க! அங்க கட்டாதீங்க!"

சத்தமாகச் சொன்னதால் சத்தமாகத் தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டொருவர் முகம் மாறியது. தாளாளர் முகமும் மாறியது. அதற்குள் வணிகவியல் பேராசிரியர் தாளைப் பார்த்து, "மண்ணின் மைந்தர் உத்தரவு தந்துவிட்டார்" என்று படித்துவிட்டார். மூப்பர் மறுத்தால் என்ன படிப்பது என்று தாளில் இல்லை. இசைக்குழு வாசிக்க ஆரம்பித்தது. மில் அதிபர் மட்டும் நீட்டிய கையோடு சிரித்தபடி நின்றார். உடற்கல்வி ஆசிரியர் எதற்கும் அஞ்சாதவர். மேடை ஓரத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி அவர் கையில் வைத்தார். மில் அதிபர் தொட்டியைப் பார்த்து "ரொம்ப நன்றிங்க" என்றார். விளக்கு எரிந்தது.

நான் மூப்பரைக் கைத்தாங்கலாக மேடைக்குப் பின்னால் இறக்கிக் கொண்டுவந்தேன். அவர் முஷ்டி இன்னும் மூடியிருந்தது. நேரே சரிவுக்கு நடந்தார். குனிந்து, பிடியைத் திறந்து, மண்ணைத் தரையில் வைத்தார். போடவில்லை, வைத்தார். எனக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவரைத் தேற்ற வேண்டும் போல இருந்தது. ஈரத்துணியைத்தான் நீட்டினேன்.

சாப்பாடு முடிந்ததும் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க சின்னப்பன், மூப்பரைக் கொஞ்சம் கூட்டிட்டு வாரீங்களா?"

அறையில் மூப்பரைத் தன் எதிரிலேயே உட்கார வைத்தார். அவரே மோர் எடுத்துக் கொடுத்தார். நான் வெளியே போகத் திரும்பினேன். "நீங்களும் இருங்க சின்னப்பன்" என்றார். சுவரோரமாக நின்றேன்.

"மூப்பரே, எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

"வருத்தமில்லீங்க. கேட்டீங்க, சொன்னேன்."

"அது ஒரு மொறைக்குக் கேக்கறதுங்களே."

"நானும் மொறைக்குத்தானுங்க சொன்னேன். வேணும்னாலும் சொல்லோணும், வேண்டாம்னாலும் சொல்லோணும்."

"எங்கய்யா காலத்துல இருந்து உங்களுக்கு ஏதாச்சும் கொறை வெச்சிருக்கறமா? எந்தக் காலேஜுல இப்படி மேடையேத்தி மரியாதை பண்றாங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"பண்றீங்க. நான் இல்லீங்கலியே."

"அப்பறம்?"

"மண்ணு எங்களுதுன்னு நீங்கதான மைக்குல சொல்றீங்க. நானா வந்து சொன்னேன்?"

மின்விசிறி கரகரவென்றது. எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி ஒன்றை நினைத்தால் நன்றாக இருந்தது.

"ப்ளான் அப்ரூவல் ஆயிருச்சுங்க மூப்பரே. வேற எடத்துல பாறை. பொண்ணுக தங்க எடமில்லாம தெனமும் பஸ்ஸுல தொங்கிட்டு வாராங்க. நீங்களே பாக்கறீங்க. ஒண்ணு பண்றேன். கட்டடத்துக்கு உங்க சம்சாரம் பேரையே வெச்சுர்றேன். கல்லுல வெட்டி வாசல்லயே வெச்சுர்றேன்."

மூப்பர் மோர் டம்ளரை மேசைமேல் வைத்தார். "பேரு அவளுக்கு இருக்குதுங்களே" என்றார். "எடந்தான் போகுது."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இன்றுவரைக்கும் விளங்காதது அதுதான். அவர் அதட்டியிருந்தால் எனக்கு வீட்டுக்குப் போய் அவரைத் திட்ட வசதியாக இருந்திருக்கும்.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். பின்சுவர் மூலையில் பெரிய வேம்பு ஒன்று இருந்தது. அதற்கடியில் இடம் ஒதுக்குவதாகவும், எல்லோரையும் முறைப்படி அங்கே மாற்றிவிடலாம் என்றும், கம்பிவேலி போட்டுத் தருவதாகவும் சொன்னார். "நம்ம காம்பவுண்டுக்குள்ள பத்திரமா இருப்பாங்க மூப்பரே. ஒரு ஆடு மாடு நொழையாது."

பதிப் பக்கம் வெறும் பாறை. அதற்கு மேலே வனத்துறைக் காடு. அங்கே ஒரு குழி தோண்டினால் கேஸ். மூப்பருக்கு வேறு வழியில்லை என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். அவர் சரி என்று சொல்லவில்லை. "மிசினு தொட வேண்டாம். நாங்களே எடுத்துக்கறோம்" என்றார்.

எடுத்தார்கள். மூப்பரும் அவர் மகன் மாரனும் பதி ஆட்களும் மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே தோண்டினார்கள். புதுச்சட்டியில் துணி விரித்து எலும்புகளை வைத்தார்கள். பழையவர்களில் பலர் மண்ணாகவே போயிருந்தார்கள். அவர்களுக்காக அந்த மண்ணையே அள்ளி வைத்தார்கள். வெள்ளச்சி அப்படிப் போகாதவள். அதற்குமேல் செல்வியை நான் தட்டச்சு செய்யச் சொல்ல மாட்டேன். நான் சட்டிகளையும் கற்களையும் வேம்பு வரைக்கும் சுமந்தேன். தாளாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேலை முடிகிறவரை வெயிலிலேயே நின்றார். சொன்னபடி வேலி போட்டார். செம்பருத்தி நட்டார்.

விடுதி எழும்பியது. பெண்கள் வந்தார்கள். பெண்கள் இருக்கிற இடம் என்பதால் காம்பவுண்டுச் சுவரை உயர்த்தி, மேலே கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். கேட்டில் பட்டாளத்தில் இருந்து வந்த மாணிக்கம் காவலுக்கு நின்றார். அடையாள அட்டை இல்லாதவர் உள்ளே வரக்கூடாது, விழா நாளைத் தவிர. நியாயமான சட்டம்தான். பெண்ணைப் பெற்றவனைக் கேட்டால் இன்னும் உயரமாகச் சுவர் கட்டச் சொல்லுவான்.

மூப்பர் இனி மேடையேற மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த விழாவுக்கு அவரைக் கூப்பிடப் போகச் சொன்னபோது பள்ளம் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பினேன். போனால், அவர் துவைத்த வேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "போலாமா?" என்றார். வந்தார். மண் கொடுத்தார். "பொழச்சுக்குங்க" என்றார். தாளாளருக்கு அன்று முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டும். மனஸ்தாபம் தீர்ந்தது என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொண்டார்கள்.

ஆம்ப்ளிஃபயர் மேசை மேடைக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து எனக்கு மட்டும் தெரிந்தது. வரவேற்புரை ஆரம்பித்ததும் மூப்பர் பின்படியில் இறங்கினார். விடுதியைச் சுற்றிக்கொண்டு வேம்புக்குப் போனார். வேலிக்குள் உட்கார்ந்து சருகு பொறுக்கினார். வெள்ளச்சியின் கல்லுக்கு முன்னால் வெற்றிலை வைத்தார். வாய் அசைந்தது. எங்கள் கல்லூரி வரவேற்புரையின் நீளத்தால் ஒரு மனிதர் பயனடைந்ததை நான் முதல் தடவை பார்த்தேன். நன்றியுரைக்கு முன்னால் திரும்பி வந்து, என் மேசையைக் கடக்கும்போது கேட்டார்:

"அடுத்த விழா எப்பங்க சின்னப்பா?"

ஒருமையில் கூப்பிட்டுக்கொண்டே 'ங்க' போட்டார். அதுவரைக்கும் என்னிடம் போட்டதில்லை.

அதிலிருந்து எல்லா விழாவுக்கும் வந்தார். விளையாட்டு விழா, ஆண்டு விழா, இலக்கிய மன்றத் தொடக்கவிழா. மண் கொடுத்துவிட்டு வேம்புக்குப் போவார். போகும்போது அதே கேள்வி கேட்பார். நான் தாளாளரிடம் போனேன்.

"அய்யா, மூப்பருக்கு ஒரு பாஸ் போட்டுக் குடுத்தா, அவுரு எப்ப வேணாலும் வந்து பாத்துட்டுப் போவாருங்க."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே சின்னப்பன். அவருக்குக் குடுத்தா பதியில எல்லாருக்கும் குடுக்கோணும். பொண்ணுக இருக்கற எடம்." பிறகு உண்மையான கவலையோடு, "நம்ம மரியாதையில ஏதாச்சும் கொறைன்னு சொன்னாருங்களா?" என்றார்.

"இல்லீங்க. அதுல ஒண்ணும் கொறையில்லீங்க."

"சரி. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு ஒரு வருடம் கலவரமும் குண்டுவெடிப்புமாக நகரத்தில் நிலைமை கெட்டது. நான் சொல்ல வேண்டியதில்லை, கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். காதர் பாயின் கடையை அந்த வருடம் மூடியவர்கள் மூடியதுதான். மைக்குக்குப் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. கல்லூரி விழாக்கள் எல்லாம் ரத்து. மாதங்கள் ஓடின. பள்ளத்தில் தண்ணீர் வந்து வற்றிவிட்டது. பதிக்காரர்களுக்குக் கேட் மூடியே கிடந்தது.

பழுது பார்த்து வந்த குழாய் ஒன்று வேலை செய்கிறதா என்று ஒருநாள் காலை சும்மா போட்டுப் பார்த்தேன். 'அலோ, அலோ' என்று இரண்டு வார்த்தை. கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து மாணிக்கம் கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன். கம்பிக்கு வெளியே மூப்பர் நின்றார். துவைத்த வேட்டி. ஆள் பாதியாகியிருந்தார். மடியில் மண் முடிந்து வைத்திருந்தார்.

"கூப்பிட வருவீன்னு பாத்தேன். காணம். நானே வந்துபோட்டேன். நேரமாயிருச்சா?" என்றார்.

மாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் மாணிக்கத்தைப் பார்த்தேன்.

"இல்லீங்க மூப்பரே, இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றேன்.

"என்னடா விழா?" என்றார் மாணிக்கம் பல்லிடுக்கில்.

"சின்ன விழாதானுங்க. முன்னிலை நீங்க. சிறப்பு விருந்தாளி நான்."

மூப்பர் மைதானத்தைப் பார்த்தார். பந்தல் இல்லை, நாற்காலி இல்லை. அவர் என்ன முட்டாளா? என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா ஒறம்பரை? கையைக் காட்டு."

காட்டினேன். கம்பி வழியாக மண்ணை வைத்தார். "பொழச்சுக்க" என்றார். மாணிக்கம் சாவியை எடுத்துச் சின்னக் கதவைத் திறந்துவிட்டார். வரவேற்புரை இல்லாததால் மூப்பர் அவசரப்படவில்லை. வெயில் ஏறுகிறவரை வேம்புக்கடியில் இருந்தார். நானும் மாணிக்கமும் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அதுதான் அவர் கடைசியாக உள்ளே வந்தது. அந்தக் கோடையிலேயே போய்விட்டார்.

சாதாரண வேலை நாள். வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. நான் விடுதி வராந்தாவில் ஏணிமேல் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தேன். பதிப் பக்கம் பறைச்சத்தம் கேட்டது. கேட்டைப் பார்த்தேன். மாணிக்கம் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. தாழ்ப்பாளை உருவி, இரண்டு கதவையும் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தார். துணைவேந்தருக்குக்கூட ஒரு கதவுதான் திறப்பார். தொப்பியைக் கழற்றிவிட்டு விறைப்பாக நின்றார். நான் ஏணியிலிருந்து குதித்து ஓடினேன்.

பாடை சாலையில் வந்தது. முன்னால் மாரன், கையில் கொள்ளிச்சட்டி இல்லை, ஒரு மண்வெட்டி மட்டும். பதி ஆட்கள் ஏழெட்டுப் பேர். கேட்டுக்கு நேரே வந்தார்கள். திரும்பவில்லை. அப்படியே நேராகப் போனார்கள், பாறையைத் தாண்டி வனத்துறைக் கண்ணில் படாத ஓரத்துக்கு.

நான் பின்னாலேயே ஓடினேன். "மாரா! ஏ மாரா! நில்லு சாமி. கேட்டு தொறந்திருக்குது. உள்ள கொண்டாங்க. உங்கம்மா பக்கத்துல எடமிருக்குது. நான் பாத்துக்கறேன், வாங்க!"

மாரன் நின்றான். பாடை தூக்கினவர்களும் நின்றார்கள். அவன் திறந்த கதவுகளைப் பார்த்தான். தொப்பியில்லாத மாணிக்கத்தைப் பார்த்தான். விடுதி மாடியில் வரிசையாக வந்து நின்ற பெண்களைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவன் அப்பன் மாதிரியே மரியாதையாகத்தான் கேட்டான்.

"இன்னைக்கு என்ன விழாங்க?"

நான் அவனுக்கு—

செல்வியின் மேசைப் போன் அடிக்கிறது. முதல்வர் அம்மாவாம். வாசகம் தயாராகிவிட்டதாம், முதலாம் ஆண்டு வகுப்பில் இன்றைக்கே படிக்கப்போகிறார்களாம். பதியிலிருந்து யாரையாவது நான் அழைத்து வர முடியுமா என்று கேட்கிறாராம். இருங்க அம்மணி, வாரேன்.